பழனி சுப்பிரமணிய பிள்ளை

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908 - 1962) புகழ்பெற்ற மிருதங்கக் கலைஞர் ஆவார். கஞ்சிரா வாசிப்பதிலும் தேர்ச்சி பெற்றவர். இடக்கைப் பழக்கம் உடைய இவர், அதனால் ஏற்பட்ட தடைகளைக் கடந்து, கருநாடக இசை மேடையில் முதல்வரிசைக் கலைஞராக உயர்ந்தார். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகியோருடன் சேர்த்து இருபதாம் நூற்றாண்டின் மிருதங்க மும்மூர்த்திகளுள் ஒருவராக இவர் மதிக்கப்படுகிறார். நுட்பமான தாளக் கணக்குகளையும் இனிமையான நாதத்தையும் ஒருங்கே கொண்டது இவருடைய வாசிப்பு. மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கும் மனோதர்மத்துக்கும் இவர் பெயர்பெற்றவர்.

பிறப்பும் குடும்பமும்

சுப்பிரமணிய பிள்ளை 1908 ஆம் ஆண்டில் பிறந்தார். இவருடைய பெயருடன் ஒட்டிக்கொண்ட பழனி, முருகனின் படைவீடுகளுள் ஒன்றாகிய மலைக்கோயில் அமைந்துள்ள ஊர். திண்டுக்கல்லுக்கு மேற்கே உள்ளது. அக்காலத்தில் அது மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985 இல் மதுரை மாவட்டம் பிரிக்கப்பட்டபோது புதிய திண்டுக்கல் மாவட்டத்தில் சேர்ந்தது.

தந்தை பழனி முத்தையா பிள்ளை பெயர்பெற்ற லயக் கலைஞர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணவர். எனவே தாளமும் சொற்கட்டும் ஒலித்துக்கொண்டே இருந்த வீட்டில் சுப்பிரமணிய பிள்ளை வளர்ந்தார். இவருடைய முதல் ஆசிரியரும் தந்தையே.

புதுக்கோட்டை மரபு

மிருதங்க வாசிப்பில் தஞ்சாவூர் மரபு, புதுக்கோட்டை மரபு என இரண்டு பெரும் மரபுகளைக் குறிப்பிடுவது வழக்கம். புதுக்கோட்டை மரபைத் தோற்றுவித்தவராகக் கருதப்படுபவர் மான்பூண்டியா பிள்ளை. நாட்டுப்புற இசையிலும் பசனையிலும் வழங்கிய கஞ்சிராவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கச்சேரி மேடைக்கு ஏற்ற கருவியாக ஆக்கியவர் இவரே. இவர் தவில் கலைஞர் ஒருவரிடம் லயம் கற்றவர். அதனால் தவிலின் கணக்கு வழக்குகள் இம்மரபில் ஆழமாக வேரூன்றின.

மான்பூண்டியா பிள்ளையின் மாணவர்களுள் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை (1875 - 1936) மிகவும் புகழ்பெற்றவர். அவர் மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் வல்லவர். பழனி முத்தையா பிள்ளை, முருகபூபதியின் தந்தையாகிய இராமநாதபுரம் சித்சபை சேர்வை ஆகியோரும் மான்பூண்டியா பிள்ளையின் மாணவர்களே. தந்தையிடம் கற்ற சுப்பிரமணிய பிள்ளை, தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வழிகாட்டலையும் பெற்றார்.

இடக்கைப் பழக்கம்

மிருதங்கம் பலா மரத்தைக் குடைந்து செய்யப்படும் கருவி. அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. சிறிய முகம் வலந்தலை எனப்படும். அதன் நடுவில் கரணை என்னும் கருநிறப் பூச்சு நிலையாக இருக்கும். பாடகரின் சுருதிக்கு ஏற்ப இம்முகம் கூட்டப்படுகிறது. பெரிய முகம் தொப்பி எனப்படும். வாசிக்கத் தொடங்கும் முன் அதன் நடுவில் ரவைப் பசை அப்பப்படும். தொப்பியிலிருந்து எழும் ஆழ்ந்த ஒலி வலந்தலையின் கூர்மையான ஒலிக்கு அடித்தளமாக அமைகிறது.

பெயருக்கு ஏற்ப வலந்தலையை வலக்கையாலும் தொப்பியை இடக்கையாலும் வாசிப்பதே பொது வழக்கம். விரல்களைத் தனித்தனியே இயக்கி வாசிக்கும் நுண்ணிய வேலை பெரும்பாலும் வலந்தலையில் நடைபெறும். ஆகவே ஒருவருக்கு எந்தக் கை நன்கு பழகியதோ அந்தக் கையே அங்கு தேவைப்படுகிறது. சுப்பிரமணிய பிள்ளைக்கு அது இடக்கை. இவர் கருவியைத் திருப்பி வைத்து, வலந்தலையை இடக்கையாலும் தொப்பியை வலக்கையாலும் வாசித்தார்.

கருவியைத் திருப்பி வைப்பதில் இசைக்கு எந்த இழப்பும் இல்லை. சொற்களும் கணக்கும் மாறுவதில்லை. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் எழுந்தது. முதலாவது பயிற்சி. மாணவர் ஆசிரியரின் கைகளைப் பார்த்தே வாசிக்கப் பழகுகிறார். இடக்கைப் பழக்கம் உடைய மாணவர் பார்த்ததைக் கைமாற்றித் தம் கருவியில் கொண்டுவர வேண்டும். இரண்டாவது மேடை அமைப்பு. பின்னாளில் இவருடைய தொழில் வாழ்க்கையையே பாதித்தது இந்த இரண்டாவது சிக்கல்தான்.

பயிற்சி முறை

மிருதங்கப் பயிற்சி தா, தி, தொம், நம் என்னும் அடிப்படைச் சொற்களிலிருந்து தொடங்குகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் கருவியில் ஓர் அடி உண்டு. மாணவர் பாடத்தை முதலில் கையால் தாளம் போட்டு வாயால் சொல்லுவார். பிறகே அதைக் கருவியில் வாசிப்பார். ஒரே பாடத்தை முதற் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என விரைவை இரட்டிப்பாக்கிச் சாதகம் செய்வது வழக்கம்.

வாயால் சொல்லிக் கற்கும் இம்முறை இடக்கை மாணவருக்கு மிகவும் பொருந்துவது. சொல் மனத்தில் பதிந்துவிட்டால் அதை எந்தக் கையால் வாசிப்பது என்பது இரண்டாம் நிலைக் கேள்வியாகிவிடுகிறது. புதுக்கோட்டை மரபிலோ சொற்கட்டும் கணக்கும் மேலும் சிறப்பிடம் பெற்றவை.

அடிப்படைப் பாடங்களுக்குப் பின் மாணவர் மோரா, கோர்வை போன்ற தீர்மான அமைப்புகளைக் கற்கிறார். ஆதி, ரூபகம், கண்ட சாப்பு, மிசுர சாப்பு ஆகிய தாளங்களுக்குத் தனித்தனிப் பாடங்கள் உண்டு. சதுரசிரம் (4), திசுரம் (3), கண்டம் (5), மிசுரம் (7), சங்கீர்ணம் (9) என்னும் ஐந்து நடைகளிலும் பழக வேண்டும். இவை அனைத்தும் ஆசிரியர் கொடுக்கும் பாடங்கள். ஆனால் மேடையில் பாடத்தை ஒப்பிப்பவர் கலைஞராக மதிக்கப்படுவதில்லை. கற்ற பாடத்தைக் கலைத்து, அன்றைய பாட்டுக்கும் அன்றைய மனநிலைக்கும் ஏற்பப் புதிதாகக் கோக்கத் தெரிந்தவரே கலைஞர். இதற்கு ஆசிரியர் நேரடிப் பாடம் எதுவும் நடத்துவதில்லை. மூத்த கலைஞர்களின் கச்சேரிகளைப் பலமுறை கேட்டும், அவர்களுக்கு அருகில் அமர்ந்து வாசித்துமே மாணவர் இதைப் பெறுகிறார்.

மேடையில் இடம்

கருநாடக இசைக் கச்சேரியில் பாடகரின் வலப்புறத்தில் மிருதங்கக் கலைஞரும் இடப்புறத்தில் வயலின் கலைஞரும் பாடகரைப் பார்த்தவாறு அமர்வது வழக்கம். இவ்வாறு அமரும்போது மிருதங்கத்தின் வலந்தலை அவையினரை நோக்கி இருக்கும். சுப்பிரமணிய பிள்ளை அதே இடத்தில் அமர்ந்தால் அவையை நோக்கித் தொப்பியே இருக்கும். வலந்தலையின் நுண்ணொலி மேடையின் பின்புறம் சென்றுவிடும். ஒலிபெருக்கி பரவலாகாத காலத்தில் இது பெருங்குறை. எனவே இவர் பாடகரின் இடப்புறத்தில் அமர வேண்டியிருந்தது.

மிருதங்கம் இடப்புறம் வந்தால் வயலின் வலப்புறம் செல்ல வேண்டும். அங்கே வில் பிடிக்கும் கை அவைப்பக்கமாக அமைந்துவிடும். பல ஆண்டுகள் பழகிய அமைப்பு முழுவதும் மாறிவிடும். இதனால் வயலின் கலைஞர்கள் சிலர் இடம் மாறி அமரத் தயங்கினர். வயலின் கலைஞர் மறுத்தால் கச்சேரி அமைப்பாளர் வேறு மிருதங்கக் கலைஞரை நாடுவது எளிது. திறமை இருந்தும் வாய்ப்புகள் குறைந்ததற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் இவருக்கு உறுதுணையாக நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896 - 1974). இளம் கலைஞர்களை ஊக்குவிப்பதில் செம்பை பெயர்பெற்றவர். பாலக்காடு மணி ஐயர் சிறுவயதில் புகழ்பெறக் காரணமாக இருந்தவரும் அவரே. செம்பை தம் கச்சேரிகளில் சுப்பிரமணிய பிள்ளையைத் தொடர்ந்து வாசிக்கச் செய்தார். அவருக்கு ஏற்றவாறு மேடையை அமைத்துக்கொண்டார். முன்னணிப் பாடகர் ஒருவரே இதை ஏற்றுக்கொண்டபின் பிறர் மறுப்பதற்கு வழியில்லாமல் போயிற்று. செம்பையின் பாட்டு, மைசூர் சௌடையாவின் வயலின், பழனியின் மிருதங்கம் என்னும் சேர்க்கை இரசிகர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.

வாசிப்பு முறை

சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பில் முதலில் கவனத்தை ஈர்ப்பது நாதத்தின் தெளிவு. வலந்தலையில் இவர் எழுப்பிய சாப்பு என்னும் ஒலி, மணியோசை போல நீண்டு ஒலிப்பது. தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி என்னும் குழைவான ஒலியை இவர் அளவறிந்து பயன்படுத்தினார்.

புதுக்கோட்டை மரபில் வந்தவர் என்றாலும் இவர் கணக்கை மட்டுமே நம்பவில்லை. தாளத்தின் இயல்பான ஓட்டத்தை அப்படியே தாங்கிச் செல்லும் சொற்களின் தொடர் சர்வலகு எனப்படும். பாட்டுக்கு வாசிக்கும்போது இவர் பெரும்பாலும் சர்வலகுவிலேயே சென்றார். பாடகரின் சொற்கள் எங்கு நிற்கின்றன, எங்கு எழுகின்றன என்பதை அறிந்து வாசித்தார். பாடகர் இசையை நீட்டும் இடங்களில் அடிகளைக் குறைத்துக்கொண்டார். கடினமான கணக்குகளும் இவர் கையில் இயல்பான ஓட்டத்தின் பகுதியாகவே ஒலித்தன.

ஆலத்தூர் சகோதரர்கள் எனப்பட்ட சீனிவாச ஐயர், சிவசுப்பிரமணிய ஐயர் ஆகியோருக்கு இவர் பல கச்சேரிகளில் வாசித்தார். சிக்கலான தாள அமைப்புடைய பல்லவிகளுக்குப் பெயர்பெற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய கற்பனைச் சுரங்கள் முன்னறிவிப்பின்றிப் புதிய கணக்குகளில் முடியும். அவற்றை அந்தக் கணத்திலேயே உணர்ந்து உடன் முடிப்பது மிருதங்கக் கலைஞரின் கடமை. இத்தகைய கச்சேரிகளில் இவருடைய மனோதர்மம் முழுமையாக வெளிப்பட்டது.

தனி ஆவர்த்தனமும் மனோதர்மமும்

கச்சேரியின் முதன்மையான பாடலுக்குப் பின் தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் பகுதி தனி ஆவர்த்தனம் எனப்படும். இங்கு பாட்டின் துணை இல்லை. தாளமும் எடுப்பும் மட்டுமே வரையறைகள். மற்றவை கலைஞரின் கற்பனைக்கு விடப்படுகின்றன.

இக்கற்பனை எவ்வாறு செயற்படுகிறது என்பதை எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைகள் உண்டு. எண்ணிக்கை ஒன்றுக்கு நான்கு எனக் கொண்டால் ஓர் ஆவர்த்தனத்தில் 32 மாத்திரைகள் அமையும். ததிகிணதொம் என்பது ஐந்து மாத்திரைச் சொல். அதை மூன்று முறை வாசித்து, இடையே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டால் மொத்தம் 19 மாத்திரைகள் ஆகும். எனவே 13 மாத்திரைகள் கழிந்தபின் தொடங்கினால் அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில், அதாவது சமத்தில், சரியாக வந்து சேரலாம். பாடல் சமத்திலிருந்து அரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குவதாக இருந்தால், அதற்கேற்ப 15 மாத்திரைகள் கழிந்தபின் தொடங்க வேண்டும். ஐந்து மாத்திரைச் சொல்லுக்குப் பதில் ஏழு மாத்திரைச் சொல்லை எடுத்தால் மொத்தம் 25 ஆகும். அப்போது சமத்தை அடைய 7 மாத்திரைகள் கழிந்தவுடனே தொடங்க வேண்டும்.

சொல்லையும் இடைவெளியையும் தொடங்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே போனால் முடிவற்ற வகைகள் கிடைக்கும். ஆனால் மேடையில் எண்ணிப் பார்ப்பதற்கு நேரம் இல்லை. பல ஆண்டுச் சாதகத்தால் கணக்கு கைப்பழக்கமாக மாறிய பின்னரே மனம் அழகைப் பற்றி எண்ண முடிகிறது. சுப்பிரமணிய பிள்ளையின் தனி ஆவர்த்தனம் இதற்குச் சிறந்த சான்று. ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டு, அதைச் சிறிது சிறிதாக வளர்த்து, அதிலிருந்தே கோர்வையைப் பிறப்பிப்பது இவருடைய வழி. கேட்பவருக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் சொல் வளர்வது தெரியும்.

கஞ்சிரா வாசிப்பு

மான்பூண்டியா பிள்ளை மரபில் வந்த சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவிலும் புகழ்பெற்றார். கஞ்சிரா பலா மரச் சட்டத்தில் உடும்புத் தோல் போர்த்திச் செய்யப்பட்ட சிறு கருவி. ஒரு கையால் பிடித்து மறு கையால் வாசிக்க வேண்டும். மிருதங்கத்தில் இரு கைகள் செய்யும் வேலையை இங்கு ஒரு கையே செய்கிறது. தோலை நீரால் நனைத்தும், பிடித்த கையின் விரல்களால் அழுத்தியும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்துவர்.

பாலக்காடு மணி ஐயர் மிருதங்கமும் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிராவும் வாசித்த கச்சேரிகள் இசை இரசிகர்களால் போற்றப்படுகின்றன. தனி ஆவர்த்தனத்தில் இரு கருவிகளும் மாறி மாறி ஒலிக்கும் பகுதி குறைப்பு எனப்படும். முதலில் இரண்டு ஆவர்த்தனங்கள், பிறகு ஒன்று, பிறகு அரை, பிறகு கால் என ஒவ்வொருவருடைய பங்கும் குறைந்துகொண்டே வரும். இறுதியில் இருவரும் சேர்ந்து மோராவும் கோர்வையும் வாசித்து முடிப்பர். ஒருவர் தொடுத்த வினாவுக்கு மற்றவர் அதே அளவில் விடை கூற வேண்டும். அந்த விடை வினாவின் எதிரொலியாக மட்டும் இருத்தல் கூடாது. தஞ்சாவூர் மரபில் வந்த மணி ஐயரும் புதுக்கோட்டை மரபில் வந்த சுப்பிரமணிய பிள்ளையும் எதிரெதிரே அமர்ந்து வாசித்தபோது இரு மரபுகளும் ஒன்றையொன்று வளப்படுத்தின.

மும்மூர்த்திகள்

பாலக்காடு மணி ஐயர் (1912 - 1981) தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றவர். முருகபூபதி (1914 - 1998) தந்தை வழியாகப் புதுக்கோட்டை மரபைப் பெற்றவர். மூவருள்ளும் மூத்தவர் சுப்பிரமணிய பிள்ளை. மூவருடைய வாசிப்பும் வெவ்வேறு தன்மையுடையது. ஆயினும் மிருதங்கம் வெறும் தாளக் கருவி அன்று, பாட்டின் பொருளை உணர்ந்து உடன் செல்லும் கருவி என்பதை மூவரும் நிலைநாட்டினர்.

மாணவர்கள்

சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர்களுள் இருவர் இவருடைய மரபைக் கடல் கடந்து கொண்டு சென்றனர்.

தி. ரங்கநாதன் (1925 - 1987): வீணை தனம்மாளின் பேரன். பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி. 1963 இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள வெசுலியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பிக்கத் தொடங்கினார்.

திருச்சி சங்கரன் (பிறப்பு 1942): சிறுவயதிலேயே சுப்பிரமணிய பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1955 இல் ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் ஆசிரியருடன் சேர்ந்து வாசித்து அரங்கேறினார். 1971 இல் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார்.

இடக்கை ஆசிரியரிடம் வலக்கை மாணவர் கற்பதில் ஒரு வசதி உண்டு. எதிரில் அமர்ந்திருக்கும் ஆசிரியரின் கைகள் கண்ணாடியில் தெரியும் உருவம் போல மாணவரின் கைகளுக்கு நேராக அமைந்துவிடும். சிறுவயதில் சுப்பிரமணிய பிள்ளைக்குத் தடையாக இருந்த அதே வேறுபாடு இவருடைய மாணவர்களுக்குத் துணையாக அமைந்தது.

மிருதங்கம் அறியாத மேலை நாட்டு மாணவர்கள் சொற்கட்டை வாயால் சொல்லித் தாளத்தைக் கற்றனர். பழனியில் தந்தை மகனுக்குக் கற்பித்த அதே முறை இவ்வாறு பல்கலைக்கழக வகுப்பறைகளை அடைந்தது.

மறைவும் மதிப்பீடும்

பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962 இல் காலமானார். அப்போது இவருக்கு ஐம்பது வயது கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இவர் வாழ்ந்த காலத்தில் தாளக் கருவிக் கலைஞர்களுக்கு உரிய மதிப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவர்கள் பக்கவாத்தியக்காரர்களாகவே கருதப்பட்டனர். சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு மிருதங்கக் கலைஞருக்கு வழங்கப்பட்டது 1966 இல்தான். அதைப் பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். அப்போது சுப்பிரமணிய பிள்ளை மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2011 இல் அதே விருது இவருடைய மாணவர் திருச்சி சங்கரனுக்கு வழங்கப்பட்டது.

இவருடைய வாசிப்பு கச்சேரி ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. அவற்றைக் கேட்கும் ஒருவர், வாசிப்பவர் இடக்கைப் பழக்கம் உடையவர் என்பதை அறிய முடியாது. மேடையில் எந்தப் பக்கம் அமர்ந்தார் என்பதையும் அறிய முடியாது.